குஞ்சப்பனை தாண்டினதும் போன் பண்ணு

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மணி,

நீ அனுப்பிய ஒன்பது படத்தையும் அம்மாவும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். நீலக் கலர் யமஹா ஆர்15 பைக், இரண்டாவது மாடல், 2014ஆம் வருஷத்து வண்டி, மீட்டரில் 38,000 கிலோமீட்டர். உன் சொந்தச் சம்பளத்தில் வாங்கின முதல் வண்டி. அம்மாவுக்குப் பயம். எனக்குப் பயமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. சைலன்சர் மாற்றட்டுமா, பின் டயரைப் பெரிசாக்கட்டுமா, எல்.இ.டி. லைட் போடட்டுமா என்று போனில் கேட்டாய். பட்டறையில் ஆள் நின்றதால் "பார்க்கலாம் கண்ணு" என்று வைத்துவிட்டேன். ஆற அமரச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ வாங்கினது நல்ல வண்டி, அதில் சந்தேகம் வேண்டாம். 2008இல் முதல் ஆர்15 வந்தபோது நம் பட்டறைக்கு வந்த 150 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் காற்றில் ஆறுகிற என்ஜினும் கார்பரேட்டருமாக இருந்தன. இதில் ரேடியேட்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், நாலு வால்வு, ஆறு கியர். முதல் தடவை ஃபேரிங் என்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு அந்த ஃப்ரேமைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஹேண்டில் கழுத்திலிருந்து பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் வரை இரண்டு பக்கமும் நேராக ஓடும் பட்டை இரும்பு. வளைவில் வண்டி ஆளுக்குக் கட்டுப்படுவதற்கு அந்த ஃப்ரேம்தான் காரணம். உன்னுடைய மாடலில் 17 குதிரைத்திறன். அது போதாது என்று உனக்குத் தோன்றினால், இன்னும் அந்த வண்டியை நீ முழுதாக ஓட்டிப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

ஆனால் 38,000 என்பது மீட்டர் சொல்கிற கணக்கு. மூன்றாவது படத்தைப் பெரிசாக்கிப் பார். வலது ஹேண்டில் முனை தேய்ந்திருக்கிறது. அதே பக்கம் என்ஜின் கவரில் புதுக் கறுப்புப் பெயின்ட், இடது கவரில் பழைய பெயின்ட். வண்டி வலது பக்கமாக ஒரு தடவை விழுந்திருக்கிறது. விழாத பழைய வண்டி கிடைப்பது அரிது, அதற்காக வருத்தப்படாதே. எவ்வளவு பலமாக விழுந்தது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேரிங்கைக் கழற்றிவிட்டு ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பு. ஹேண்டில் போய் முட்டுகிற இடத்தில் ஃப்ரேமில் ஒரு சின்னக் கட்டை இருக்கும், ஸ்டாப்பர் என்போம். அது நசுங்கியோ வளைந்தோ, பக்கத்தில் பெயின்ட் விரிசல் விட்டோ இருந்தால் முன்பக்கம் பலமாக அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆளை வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக ஆட்டிப் பார். நேராக வரும் இடத்தில் டக்கென்று பிடித்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்து பேரிங், போய்விட்டது. ஃபோர்க் குழாயைச் சுற்றி விரலால் தடவு, எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 2317 என்று இருந்தால் 2017ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போன டயர் நம் மலையில் மழை நாளில் பிடிக்காது. உன் வண்டிக்கு ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற வசதி, கிடையாது என்பதையும் மறக்காதே. என்ஜினை ஆற்றுகிற கூலன்ட் இருக்கும் டப்பாவைப் பார். உள்ளே இருப்பது நிறமே இல்லாத வெறும் தண்ணீர் என்றால், முன்பு வைத்திருந்தவர் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார். வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் உள்ளுக்குள் துருவும் உப்பும் பிடித்திருக்கும். பம்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதிலிருந்து சொட்டினால் சீல் மாற்றியாக வேண்டும். இவற்றை நீயே பார்த்து எழுதி வை. ஓசூரில் மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நில்.

இனி உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சித்தப்பா ஏன் காலைச் சாய்த்து நடக்கிறார் என்று சின்ன வயசில் கேட்டாய். வண்டியில் விழுந்தார் என்று சொன்னேன். ஓட்டினது யார் என்று சொல்லவில்லை. நான்தான்.

1993இல் பழைய ஆர்.எக்ஸ்.100 ஒன்று வாங்கினேன். 98 சி.சி., 11 குதிரைத்திறன், நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. அந்த வண்டி சும்மாவே பறக்கும். எனக்குப் போதவில்லை. சிலிண்டர் போர்ட்டைத் தேய்த்துப் பெரிசாக்கினேன், ஹெட்டைக் கடைந்தேன், சைலன்சருக்குள் இருந்த குழாயை உருவிப் போட்டேன். லாங்வுட் சோலைப் பக்கம் போனால் டானிங்டன் வரை கேட்கும் என்று பையன்கள் சொன்னார்கள், அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. பிரேக்கைத் தொடவே இல்லை. முன்னும் பின்னும் டிரம் பிரேக், லைனிங் முன்பு வைத்திருந்தவர் காலத்தது.

டிசம்பரில் ஒரு சாயந்திரம் சித்தப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன். டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டியைப் பிடித்து இழுக்காது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கியரைக் குறைத்தால் என்ஜினே பாதி பிரேக் வேலை செய்யும். இதில் எல்லாச் சுமையும் அந்த இரண்டு டிரம்மின் மேல். முள்ளூர் தாண்டும்போதே எரிந்த வாடை வந்தது, கவனிக்கவில்லை. சூட்டில் டிரம் விரிந்து, லைனிங் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் மிதித்தேன், மிதி போனது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மண்மேட்டில் விட்டேன். என் கை சிராய்த்தது. அவன் இடது கால் வண்டிக்கும் மேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அடுத்த மாதம் வெலிங்டனில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்புக்குப் போக இருந்தவன். இன்று வரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை.

இதைப் படித்துவிட்டு நீ வண்டியை விற்றுவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் எதில் கை வைப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொள் என்கிறேன். முதல் காசு பிரேக்குக்கு. உன் வண்டியில் இரண்டு பக்கமும் டிஸ்க், நல்ல விஷயம். பிரேக் ஆயில் எப்போது மாற்றினது என்று விற்றவரைக் கேட்டாய் அல்லவா, "தெரியாது" என்றார். அப்படியென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் குடித்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், டிஸ்க்கைப் பிடிக்கிற பேடைத் தள்ளாது. லீவர் ஹேண்டில் வரை வந்து ஒட்டும். ஓசூர் நேர் ரோட்டில் இது தெரியாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டரில் ஐயாயிரம் அடி இறங்கும்போது தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாற்று. நல்ல பேட் போடு. ரப்பர் ஹோஸ் பழசாக இருந்தால் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் போட்டுக்கொள், அதற்கு நானே பணம் தருகிறேன்.

பின் டயர் அகலம் 130 மி.மீ.தான் இருக்க வேண்டும். 150 போட்டால் பார்க்க அம்சமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ரிம்முக்கு அது அகலம். இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு டயர் நடுவில் கூம்பிவிடும், வண்டியைச் சாய்க்கும்போது ரோட்டில் படவேண்டிய அளவு படாது. எடையும் கூடும். கொண்டை ஊசி வளைவில் திரும்ப மறுக்கிற வண்டியைத் தோளால் இழுத்துக்கொண்டு வருவாய்.

சைலன்சர் விஷயத்தில் உனக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்று தெரியும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதை விடு. வெளிவழியை மட்டும் திறந்துவிட்டால் என்ஜினுக்குப் போகிற காற்றும் பெட்ரோலும் இருந்த கணக்கு கலையும், அதை வண்டியின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. முழுக்க ஈடுகட்டாது. பெட்ரோல் குறைந்து சூடு கூடும். அப்புறம் நம் ரோட்டை நினைத்துப் பார். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனையில் யானை ரோட்டுக்கு வரும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், மூடுபனியில் பத்தடி முன்னால்தான் தெரியும். அங்கே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவளாக என் மகள் இருக்கக்கூடாது. எனக்கு இதில் இரண்டாவது யோசனை கிடையாது.

லைட் போடலாம், ஆனால் ரோட்டோர வேலை வேண்டாம். ஹாரன் வயரை அறுத்து அதில் முறுக்கி ஒட்டிவிடுவார்கள். ரிலேவும் தனி ஃப்யூஸும் போட்டுத்தான் இழுக்க வேண்டும். வெள்ளையை விட மஞ்சள் வாங்கு. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எதிரே நிற்கும், தாழ்த்தி ஓட்டு.

மலைக்கென்று ஒன்று மாற்ற வேண்டுமென்றால் செயின் ஓடுகிற முன் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். நம் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கார்பரேட்டர் வண்டி இங்கே பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை விடும். உன் வண்டி சென்சாரால் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. 17 குதிரைத்திறன் இங்கே ஏறக்குறைய பதினாலாகிவிடும். ஒரு பல் குறைத்தால் ஏறக்குறைய ஏழு சதவீதம் இழுவை கூடும், கடைசி வேகம் குறையும். நீ ஓசூரில் இருக்கும்வரை அவசியமில்லை என்பது என் எண்ணம்.

செயின் தேய்க்கும்போது ஒன்று. மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போதும், இரும்பு பிரஷ் வேண்டாம். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுக்கொண்டு துணியைக் காட்டாதே. அப்படி விரல் போனவர் ஒருவருக்கு நான்தான் துண்டு சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். செயின் தளர்வு எவ்வளவு என்று ஸ்விங்ஆர்மில் ஸ்டிக்கர் இருக்கும், அதன்படி வை. இறுக்கமாக வைத்தால் பேரிங் போகும். என்ஜின் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று இருக்கிறதா பார்த்து வாங்கு. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், பைக்கில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேதான் இருக்கிறது.

ஆர்.சி. மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதே. படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து வேண்டும். வண்டி கடனில் வாங்கினதாக ஆர்.சி.யில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 வாங்கு. இன்சூரன்ஸ் உன் பேருக்கு மாற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வண்டியில் ஊருக்கு வரும்போது சேலம் வழியாகவே வா. பந்திப்பூர் பக்கம் வேண்டாம், ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ரோட்டை மூடிவிடுவார்கள், அவசரப்பட்டு ஓட்டுவாய். உன் வண்டி நம்பர் ஓசூரின் டி.என். 70, நம் நீலகிரியின் 43 இல்லை. மலைக்கு வர இ-பாஸ் எடுத்துக்கொள், ஊர்க்காரி என்று சொன்னால் விடமாட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் இரண்டு மணிக்கு முன் இருக்கிற மாதிரி கிளம்பு, சாயந்திரப் பனிக்கு முன்னால் மேலே வந்துவிடலாம். பிரேக் ஆயில் அங்கேயே வாங்கினால் மூடி பிரிக்காத டப்பாவாக வாங்கு. திறந்து வைத்த மிச்சத்தைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. சித்தப்பாவும் அன்று பட்டறைக்கு வருகிறான். பேட் மாற்றுகிற வேலை அவன்தான் உனக்குச் சொல்லிக்கொடுப்பான், நான் கேட்டேன், சரி என்றான்.

குஞ்சப்பனைச் சாவடி தாண்டினதும் ஒரு ஓரமாக நிறுத்திப் போன் பண்ணு. நான் அரவேணு வரை இறங்கி வந்து நிற்கிறேன். கம்பெனி சைலன்சர் இருந்தால், நீ கீழே எந்த வளைவில் எந்த கியரில் ஏறுகிறாய் என்று எனக்கு அங்கிருந்தே கேட்கும்.

அன்புடன்,
அப்பா