ஆழிபுரத்தின் வைரக் கணக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் குமரன்,

உன் கடிதமும், உன் கதையாட்டத்துக்காக நீ உருவாக்கும் கற்பனை நகரமான ஆழிபுரத்தின் வரைபடமும் கிடைத்தன. மட்டக்களப்பிலும் ஆட்டத்துக்கு ஒரு மேசை கூடிவிட்டது என்பது பெரிய சந்தோஷம். இங்கே ஞாயிறு பின்னேரக் கூட்டம் ஒழுங்காக நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் விதிப்புத்தகத்தை எங்களைவிட ஆழமாக வாசிக்கிறார்கள். நீ கேட்ட பகடை செட்டுகளை அடுத்த கிழமை ஊருக்கு வருகிற தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

வரைபடத்தை ஆறுதலாக இருந்து பார்த்தேன். துறைமுகம், களப்பு, வயல்வெளி எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. ஏழு மந்திரவாதிகள் பலசாலிகளாக இருப்பதால் நகரத்தை ஆள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம்தான் எனக்கு ஒட்டவில்லை. நீ நடத்துவது பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 பதிப்பு. அதில் ஐந்தாம் லெவலை (அனுபவப் படியை) எட்டிய விஸார்ட், அதாவது மந்திரவாதி, ஒரு நாளில் இரண்டு ஃபயர்போல், அதாவது நெருப்புக் குண்டு, எறியலாம். நடுவில் ஒரு மணித்தியாலம் இளைப்பாறினால் இன்னுமொன்று. பிறகு அவரும் நித்திரை கொள்ளத்தானே வேண்டும்? 40,000 பேர் வாழும் நகரத்தை மூன்று நெருப்புக் குண்டை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆள முடியாது. மந்திரம் அதிகாரமாகிறது தட்டுப்பாடு உள்ள இடத்தில்தான். எந்த ஸ்பெல்லுக்கு (மந்திரத்துக்கு) என்ன சாமான் வேண்டும், அது யார் கையில் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யலாம், வரிசையில் யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று முதலில் பார். சிம்மாசனத்தில் யாரை இருத்துவது என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

இறந்தவரை எழுப்பும் 'ரெய்ஸ் டெட்'டை எடு. அதைச் செய்ய ஒன்பதாம் லெவல் கிளெரிக், அதாவது மந்திரம் செய்யும் பூசகர், வேண்டும். இது ஐந்தாம் நிலை ஸ்பெல்; அந்த நிலைக்கு அவரிடம் உள்ள ஸ்லொட், அதாவது செய்யக்கூடிய தடவை, நாளுக்கு ஒன்றுதான். ஆழிபுரத்தில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வை. வருடத்துக்கு 730 உயிர். ஒவ்வொரு தடவையும் 500 பொற்காசு பெறுமதியான வைரம் ஒன்று கரைந்துபோகும், ஆக 3,65,000 பொற்காசுக்கு வைரம் வேண்டும். கூலியாளின் நாட்சம்பளம் 2 வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். ஒரு சதம் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒரு வைரத்துக்கு 2,500 நாள், கிட்டத்தட்ட ஏழு வருடம். அதே விதிப்புத்தகத்தில் ஏழை வாழ்க்கைக்கான நாட்செலவும் 2 வெள்ளிதான். அவனால் எந்தக் காலத்திலும் சேர்க்க முடியாது. மரணம் ஏழைக்கு மட்டும் முடிவானது என்ற ஒரு விஷயத்தை உன் நகரத்துக் கோயில்கள், பாட்டுகள், கலகங்கள் எல்லாவற்றிலும் நீ காட்டலாம்.

இதே ஸ்பெல்லின் நிபந்தனைகள் சட்டத்தையும் உண்டாக்கும். செத்துப் பத்து நாளுக்குள் எழுப்ப வேண்டும், தலை இருக்க வேண்டும், ஆன்மா சம்மதிக்க வேண்டும். அப்படியென்றால் கூலிக்கொலைகாரன் தலையைக் கொண்டுபோவான், அல்லது உடலைப் பதினொரு நாள் ஒளித்து வைப்பான். சொத்து எப்போது பிள்ளைக்குப் போகும்? நம்மவர்களுக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி இருப்பதுபோல ஆழிபுரத்தில் பதினோராம் நாள் ஒரு சடங்கு வை. அது முடிந்தால்தான் உறுதி எழுத்து செல்லும், விதவை மறுமணம் செய்யலாம், கடன்காரன் வழக்குப் போடலாம். அந்தப் பத்து நாளும் வாரிசுகள் வைரம் வாங்குவதா வேண்டாமா என்று வீட்டுக்குள் சண்டை பிடிப்பார்கள். ஒரு முழு இரவு ஆட்டத்துக்கு இதுவே போதும்.

ஒரு ஓட்டையை இப்போதே அடைத்துவிடு. விதி கேட்பது "500 பொன் பெறுமதியான" வைரம். எழுத்துக்கு எழுத்து எடுத்தால், வைர வியாபாரிகள் விலையை இரட்டிப்பாக்கிய அன்றே பாதி அளவு கல் போதுமாகிவிடும். இருப்பில் உள்ள கற்களால் இரண்டு மடங்கு பேரை எழுப்பலாம். கெட்டிக்கார பிளேயர் இதைப் பிடித்தால் உன் பொருளாதாரம் முழுவதும் குழம்பும். கல்லின் நிறையைக் குறித்து அதையே விதியாக்கு. விலை ஏறட்டும் இறங்கட்டும், அந்த நிறை மாறாது.

ஆகவே ஆழிபுரத்தை உண்மையில் ஆள்வது கற்களை வாங்கி விற்கும் சங்கம். இதற்குப் பாடம் நம் காலடியிலேயே கிடக்கிறது. 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கொம்பனி கறுவா வியாபாரத்தைத் தன் கையில் வைத்திருந்தது. பட்டை உரிப்பது ஒரு சாதியின் கட்டாய ஊழியமாக இருந்தது. களவாக விற்றவருக்குக் கடுந்தண்டனை. கொழும்பு 07ஐ இன்றைக்கும் கறுவாத்தோட்டம் என்றுதான் சொல்கிறோம். உன் சங்கத்துக்கும் தோண்டுபவர், நிறுப்பவர், காவல்காரர், கள்ளக்கடத்தல்காரர் எல்லாரையும் வை.

கடத்தலைப் பிடிக்க 'லொகேட் ஒப்ஜெக்ட்' இருக்கிறது: 1,000 அடிக்குள் இருக்கும் வைரத்தைப் பத்து நிமிடம் வரை உணரலாம். இடையில் ஈயம் வந்தால், தகடு எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் ஸ்பெல் குருடாகிவிடும். ஆக முதல் வருடம் முடியுமுன்னே கடத்தல்காரர் ஈயம் பூசிய பெட்டி செய்வார்கள். இரண்டாம் வருடம் சங்கம் ஈயத்துக்கு உத்தரவுப்பத்திரம் கொண்டுவரும். அப்போது மாட்டுப்படுவது யார்? வலைக்கு ஈயக்குண்டு கட்டுகிற மீனவர்கள். விடியப்புறம் கரைக்கு வருகிற தோணியை நிறுத்தி, வலையை விரித்து, குண்டுகளைத் தராசில் நிறுத்துப் பார்க்கிற சங்கத்துக் காவல்காரன், பக்கத்தில் மீன் பழுதாகிறதே என்று தவிக்கிற மனிதன். ஒரு மந்திரம்கூடப் போடாத இந்தக் காட்சியில் உன் பிளேயர்களுக்கு அந்த ஆட்சி முழுவதும் விளங்கும்.

வயல்பக்கத்துக்குப் பயிரைப் பெருக்கும் 'பிளான்ட் குரோத்' ஸ்பெல். எட்டு மணித்தியாலம் செய்தால் அரை மைல் ஆரமுள்ள வட்டத்தில், அதாவது ஏறக்குறைய 500 ஏக்கரில், ஒரு வருடத்துக்கு விளைச்சல் இரட்டிப்பு. சாமான் செலவே இல்லை. விதைப்புக்கு முந்தைய 60 நாளில் ஒரேயொரு ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) 30,000 ஏக்கரை முடிப்பார். ஃபயர்போல்காரரைவிட இவருக்குத்தான் நகரம் பயப்படும். வட்டத்துக்குள் நெல் கொட்டும், விலை விழும், வட்டத்துக்கு வெளியே உள்ளவன் பழைய விளைச்சலைப் புது விலைக்கு விற்றுக் கடனாளியாவான். யாருடைய வயல் முதலில் என்று முறை வைக்க ஒரு விதானையைப் போடு; லஞ்சம், பகை, கலியாண சம்பந்தம் எல்லாம் அவருடைய படலையடிக்கே வரும்.

நீதிமன்றத்தில், அகப்பட்டவரைப் பொய் சொல்ல விடாத 'ஸோன் ஒஃப் ட்ரூத்' ஸ்பெல்லை வைத்திருப்பது சரி. ஒன்றைக் கவனி: சாட்சிக்காரர் ஸ்பெல்லில் அகப்பட்டாரா தப்பினாரா என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியாது. நீதிபதியை வாங்கத் தேவையில்லை, அந்தக் கிளெரிக்கை வாங்கினால் போதும். அகப்பட்டவரும் பொய் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

இந்த ஆட்டத்துக்காக எழுதப்பட்ட மற்ற கற்பனை உலகங்களில் நீ பார்க்க வேண்டியது 2004இல் வந்த எபரொன். அங்கே பெரிய மந்திரவாதிகள் அபூர்வம், சின்ன மந்திரம் தொழிலாகப் பரவியிருக்கிறது. வைத்தியம், செய்தி, போக்குவரத்து எல்லாம் வம்சக் குடும்பங்களின் கையில், அரசர்களும் அவர்களிடம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். 1991இன் டார்க் சன் மறுகரை: மந்திரம் மண்ணின் உயிரை உறிஞ்சுவதால் சர்வாதிகாரமும் பாலைவனமும் சேர்ந்தே வளர்கின்றன. மந்திரவாதிகள் ஏன் அரசராகவில்லை என்று யாராவது கேட்டால் 1987இல் வந்த ஆர்ஸ் மாஜிக்கா என்ற இன்னொரு கதையாட்டத்தைக் காட்டு. அங்கே சாதாரண மக்களின் விவகாரத்தில் தலையிடுவதை அவர்களுடைய சங்கமே தடுக்கிறது.

எல்லா ஸ்பெல்லையும் ஒரேயடியாகக் கணக்கெடுக்கப் போகாதே. புது உலகங்கள் பெரும்பாலும் அங்கேதான் முறிகின்றன. எல்லாவற்றுக்கும் விடை எழுதி முடியுமுன் ஆர்வம் போய்விடும். மூன்றை எடு. ஒவ்வொன்றுக்கும் யார் பிழைப்பை இழந்தார், யார் பணக்காரரானார், யார் அதை ஏமாற்றக் கண்டுபிடித்தார் என்று மூன்று வரி எழுது. மிச்சத்தைப் பிளேயர்கள் கேட்கிற அன்றைக்குப் பார்க்கலாம்.

வைரச் சுரங்கம் நகரத்துக்குள்ளா, கடலுக்கு அப்பாலா என்று உன் குறிப்பில் இல்லை. கடலுக்கு அப்பால் வை என்பேன். அப்போதுதான் துறைமுகத்துக்கு வேலை இருக்கும். முடிவெடுத்து எழுது, சங்கத்தின் கணக்குப்பிள்ளை ஒருவரை நான் தயார் செய்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி