பல் மருத்துவர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்னாள் தலைவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்கள் வாட்ஸ்அப்பில் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. கோடை விடுமுறையில் மட்டும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 1 வாய்ச் சுகாதார தினத்தன்று அரசுப் பள்ளி ஒன்றில் பிரஷும் பேஸ்டும் கொடுத்தோம். பொங்கல் விழா நடந்தது. மார்ச் 6 பல் மருத்துவர் தினத்தில் மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். மார்ச் 20 உலக வாய்நல தின முகாமுக்கு நோயாளிகள் நிறைய வந்தார்கள், மருத்துவர்கள் குறைவாக வந்தார்கள்.

இனி மைக்ரோ சிடி விஷயம். பல்லின் உள்வடிவத்தை நுணுக்கமாகக் காட்டும் இந்த ஸ்கேனை, பிடுங்கிய பற்களில் சங்கச் செலவில் எடுத்தோம். "பிடுங்கிய பல்லை ஸ்கேன் பண்ணச் சங்கப் பணமா?" என்று சிலர் பேசிக்கொண்டதாக என் காதுக்கு வந்தது. நேரில் யாரும் கேட்கவில்லை. அதனால் பதிலை இங்கேயே சொல்கிறேன், சற்று நீளும்.

ஆர்சிடி என்னும் வேர்ச் சிகிச்சை முடித்ததும் நாம் ஆர்விஜி என்னும் டிஜிட்டல் எக்ஸ்ரே படம் பார்க்கிறோம். அடைத்த பொருளின் வெள்ளைக் கோடு வளைந்து வேர் நுனிவரை இறங்கியிருந்தால் திருப்தியாகிவிடுகிறோம். அந்தப் படம் பல்லைக் கன்னப் பக்கத்திலிருந்து பார்த்தது. கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம்வரை கெனால், அதாவது வேருக்குள் ஓடும் குழல், எவ்வளவு அகலம், இரண்டு கெனால்களுக்கு நடுவே இடுக்கு இருக்கிறதா, கெனாலைச் சுரண்டும் மெல்லிய கருவியான ஃபைல் எந்தச் சுவரைத் தொட்டது, எதை விட்டுவிட்டது என்பதெல்லாம் அதில் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ள முன்னோர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. பல் ஆய்வாளர் வால்டர் ஹெஸ் கெனாலுக்குள் ரப்பரைச் செலுத்தி, பல்லைக் கரைத்து, வார்ப்பெடுத்துப் பார்த்தார். 1987இல் பிரேசிலில் பிரமாண்டே குழுவினர் பல்லை அச்சுப் பெட்டியில் பதித்துக் குறுக்கே அறுத்தார்கள். துண்டுகளை மறுபடி பொருத்தி ஃபைல் செய்து, முன்பும் பின்பும் ஒப்பிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அறுத்த இடத்தில் மட்டும்தான் பார்க்க முடியும், ரம்பம் தின்றது போனது போனதுதான்.

மைக்ரோ சிடியில் பல்லுக்கு ஒரு கீறலும் விழாது. பல் மெதுவாகச் சுழலும். ஒவ்வொரு சிறு கோணத்திலும் ஓர் எக்ஸ்ரே. அந்த நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்துக் கணினி முப்பரிமாணத்தில் பல்லைக் கட்டித் தரும். 1982இல் லண்டனில் எலியட்டும் டோவரும் இந்த முறையைச் சிறிய நத்தை ஓடு ஒன்றில் செய்து காட்டினார்கள். எலியட் பற்களின் தாதுப்பொருளை ஆராய்ந்தவர் என்பதை இந்தச் சபையில் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சந்தோஷம். 1995இல் வேர்ச் சிகிச்சை ஆய்வுக்கு இது வந்தபோது படத்தில் ஒரு புள்ளியின் அளவு 127 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). இப்போது 20 மைக்ரானும் அதற்குக் கீழும் சாதாரணம். ஃபைல் செய்வதற்கு முன் ஒரு ஸ்கேன், பின் ஒரு ஸ்கேன். முதலாவதைப் பச்சையிலும் இரண்டாவதைச் சிவப்பிலும் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், பச்சை மிச்சமிருக்கும் இடமெல்லாம் ஃபைல் தொடாத சுவர்.

2001இல் சூரிச்சில் பீட்டர்ஸ் குழுவினர் மேல் கடைவாய்ப் பற்களில் நான்கு விதக் கருவிகளை இப்படி ஒப்பிட்டார்கள். கையால் செய்யும் கே-ஃபைலும் அதில் உண்டு, மோட்டாரில் சுழலும் ரோட்டரியும் உண்டு. எதைக் கொண்டு செய்தாலும் கெனால் பரப்பில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. கருவிக்குக் கருவி வித்தியாசம் பெரிதாக இல்லை; கெனால் முதலில் எந்த வடிவில் இருந்தது என்பதுதான் அதிகம் தீர்மானித்தது. நம் கூட்டங்களில் எந்த பிராண்ட் உசத்தி என்று எத்தனை டீ ஆறிப்போயிருக்கிறது!

நாம் செய்ததை ஆய்வு என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். உறுப்பினர்கள் தங்கள் க்ளினிக்கில் எடுத்த கீழ் முதல் கடைவாய்ப் பற்களைக் கொடுத்தார்கள், அவரவர் முறையில் அவரவரே ஃபைல் செய்தார்கள். ஒரு மூத்தவர் கையால், நுனியிலிருந்து படிப்படியாக அகலமாக்கும் ஸ்டெப்-பேக். பெரும்பாலோர் ரோட்டரி. இளையவர்கள் முன்னும் பின்னுமாகச் சுழன்று ஒரே ஃபைலில் முடிக்கும் ரெசிப்ரோகேட்டிங். பற்களைச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி முன்பும் பின்பும் ஸ்கேன் செய்தோம். சேகரித்த கதையைக் கேட்காதீர்கள். பல் கெடாமலிருக்க 0.1 சதவீதத் தைமால் கரைசலில் போட்டுத் தாருங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப எழுதினேன். மாத்திரை டப்பாவில் காய்ந்து விரிசல் விட்டுத்தான் பல பற்கள் வந்தன. மேல்பல் கொடுத்தவர்களும் உண்டு.

படங்களைப் பார்த்தபோது யாரும் ஜெயிக்கவில்லை. டிஸ்டல் (பின்பக்க) வேரின் நீள்வட்டக் கெனாலில், நீளத் தட்டின் நடுவே டம்ளர் வைத்த தடம்போல ஒரு வட்டம் மட்டும் சிவப்பு; இரு பக்கமும் பச்சை. வளைந்த மீசியல் (முன்பக்க) வேரில் நடுப்பகுதியில் வேர்கள் பிரியும் பக்கத்துச் சுவர் தேவைக்கு மேல் மெலிந்திருந்தது, நுனியில் ஃபைல் வெளிவளைவுப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு மீசியல் கெனால்களுக்கு இடையிலான இடுக்கு முன்ஸ்கேனில் திறந்திருந்தது, பின்ஸ்கேனில் டென்டின் (பல்லின் உட்திசு) தூள் அடைத்துக் கிடந்தது. பாக்கே குழுவினர் 2009இல் காட்டியதும் இதைத்தான். நாம் சுரண்டியதை நாமே உள்ளே திணிக்கிறோம். ஃபைல் வழிதான் போட்டுத் தரும். சுத்தம் செய்ய வேண்டியது கெனாலைக் கழுவும் மருந்துகளான ஹைபோகுளோரைட்டும் ஈடிடிஏவும். மூன்றே நிமிடத்தில் ஆர்சிடி என்று பெட்டியைத் திறக்கும் கம்பெனிப் பிரதிநிதியிடம், இந்த இடுக்குக்குள் மருந்து போக எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

நோயாளிக்கே இதை எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது. கதிர்வீச்சு அளவும் எடுத்துக்கொள்ளும் நேரமும் உயிருள்ள தாடைக்கு ஆகாது, கருவியின் வாயும் சிறியது. க்ளினிக்கில், நோயாளியின் தாடையை முப்பரிமாணத்தில் எடுக்கும் சிபிசிடி வரைக்கும்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எந்தச் சாம்பல் நிறத்துக்கு மேல் டென்டின், எதற்குக் கீழ் கெனால் என்று கோடு போடுவதில் மனிதக் கையும் இருக்கிறது. கிருமிப் படலமும் இதில் தெரியாது. படம் அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது.

இந்தப் படங்களைத் திரையிட்ட கூட்டத்துக்குப் பல் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும்தான் என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தேன். குழுவில் எல்லோரும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதை நம்பிச் சாப்பாடு சொன்னோம். மிஞ்சியது பக்கத்து ஆதரவு இல்லத்துக்குப் போனது, அந்தவரை நல்லது.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, பொருள் விற்பனையாளர்களின் ஸ்டால் கட்டணம் ஆகியவை வரவு, அரங்கம், உணவு, முகாம், ஸ்கேன் ஆகியவை செலவு. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இருக்கிறது. விவரம் பொருளாளர் தருவார். ஸ்கேன் செலவு, முந்தைய ஆண்டு ஏற்காடு குடும்பச் சுற்றுலாவின் பஸ் வாடகையைவிடக் குறைவு என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

சந்தா பாக்கி வழக்கத்தைவிட அதிகம். சங்கம் எனக்கு என்ன செய்தது என்று கேட்பவர்களின் பெயர்கள்தான் அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் இருக்கின்றன. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பட்டியல் டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தலைவர், நிர்வாகக் குழுவினர், முகாமுக்கு உதவிய பயிற்சி மருத்துவர்கள், அரங்கம் தந்தவர்கள், சமையல்காரர் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இதே பற்களில் அல்ட்ராசானிக் அதிர்வு கொண்டு மருந்தைக் கிளறி, மூன்றாம் ஸ்கேன் எடுத்து, இடுக்கிலுள்ள தூள் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். பற்கள் தைமாலில் என் க்ளினிக் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சி. ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். யாரும் வராவிட்டால் நான் தொடர்வதில் ஆட்சேபணை இல்லை, ஸ்கேன் தொகைக்குச் சபை ஒப்புதல் தந்தால். பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே அந்தத் தொகை தேறிவிடும்.

பொருளாளருக்கு மூன்று மணி ரயில். பார்க்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடவும். ஜிபேயும் உண்டு.

இங்ஙனம்,
செயலாளர்