மூடுபனியில் 0.1 பேனா

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருளில் உருவம் அமைத்து அதைத் தாளில் பேனாவால் வரையும் கோத்தகிரி ஓவியரைப் பற்றிச் சென்ற இதழில் படித்தோம். இப்படியொருவர் பக்கத்திலேயே இருப்பது கட்டுரை வந்த பிறகுதான் தெரிந்தது; நன்றி. ஆனால் 'கணினியே வரைந்த ஓவியம்' என்ற தலைப்பு பொருந்தவில்லை. கோடு எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று மட்டுமே மென்பொருள் சொல்கிறது. மற்றதெல்லாம் கை, மை, தாள்.

புதுமை என்பதும் பாதிதான் உண்மை. கணினிக் கலையின் முன்னோடி கியோர்க் நேஸ் 1965-லேயே ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் கணினிக் கோட்டுப்படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டார். ஓவியர் வேரா மோல்னார் 1968-ல் கணினியைத் தொடுவதற்கு முன்பே வரையும் விதிகளை எழுதிவைத்து, அவற்றின்படி கையால் வரைந்தவர். நம் சிக்குக் கோலமும் விதிப்படி போடுவதுதானே? தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1974-ல் மற்ற இருவரோடு சேர்ந்து கோலத்துக்குக் கணித இலக்கணமே எழுதினார். தோடர் சால்வையிலும் முன்வரைவு கிடையாது, இழை எண்ணித்தான் தையல்.

முயல விரும்புவோர் நேஸின் சதுரப் படத்திலிருந்து தொடங்கலாம். குறுக்கே 12, கீழாக 22, மொத்தம் 264 சதுரம். பக்கம் 10 மி.மீ. என்றால் ஏ4 தாளில் அடங்கும். வரிசை இறங்க இறங்கச் சாய்வும் விலகலும் கூடவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பிராசஸிங் மென்பொருளில் இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். சாய்வையும் விலகலையும் மென்பொருள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும்; அந்தத் தேர்வைத் தொடங்கிவைக்கும் 'சீட்' எண்ணைத் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்துவையுங்கள். அது தொலைந்தால் அதே படம் திரும்ப வராது. கோப்பை, கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் எஸ்.வி.ஜி. வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கில் இருப்பது புள்ளிக் கூட்டம், கோடு அல்ல.

மேல்வரிசைகளில் அடுத்தடுத்த சதுரங்களுக்கு ஒரே பக்கம் பொது. அப்படியே விட்டால் பேனா ஒரே தடத்தில் இருமுறை போகும். ஈரத்தில் தாளின் நார் எழும்பி 0.1 என்ற மிக மெல்லிய பேனா முனையில் சிக்கும், அப்புறம் அந்தப் பேனா அவ்வளவுதான். இரட்டைக் கோடுகளை முதலிலேயே நீக்கிவிடவேண்டும்.

அச்செடுத்த படத்தை எல்.இ.டி. விளக்குப் பலகைமேல் வைத்து, அதன்மேல் தாளை விரித்து வரைவதானால் 200 ஜி.எஸ்.எம்.-க்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) மேல் கனமான தாள் வேண்டாம், அடிப்படம் மங்கிவிடும். மை நீர்புகாத நிறமி மையாக இருக்கட்டும்.

பெரிய தொல்லை நம் ஊர் ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்து விரியும், அதுவும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகமாக. அரை விழுக்காடு விரிந்தாலே ஏ3 தாளின் 420 மி.மீ. நீளத்தில் 2 மி.மீ. கூடிவிடும், திங்களன்று போட்ட கோடும் புதனன்று போட்டதும் சந்திக்காது. முந்தின இரவே தாளை வரையும் அறையில் பிரித்துவைத்து, ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. குண்டுபல்பை அருகில் வைத்து உலர்த்தினால் தாள் ஒரு பக்கமாகச் சுருங்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஓவியத்தைக் கால் பக்கத்துக்குச் சுருக்கி, அச்சுப்புள்ளிகளாக உடைத்துப் போட்டதில் மெல்லிய கோடுகள் சாம்பல் திட்டாகிவிட்டன. அடுத்த முறை ஓவியத்தின் ஒரு மூலையை மட்டும், உள்ள அளவிலேயே, அங்குலத்துக்கு 1200 புள்ளி (டி.பி.ஐ.) கொண்ட கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாக அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் இருவர், கோத்தகிரி