எங்கள் சிஸ்டரை எங்கள் ஊரிலேயே இருக்க விடுங்கள்

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா.

எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையம் பற்றி ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்திருக்கிறோம். ஒன்று கிராமசபையில், இன்னொன்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில். அதனால் விவரம் உங்களுக்குத் தெரியும். புரட்டாசி கடைசியில் அங்கே இருக்கிற செவிலியரை, நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவரை, மாற்றுப்பணி என்று வேறொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினீர்கள். பத்து நாள்தான் என்றார்கள். கார்த்திகை பிறந்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். இப்போது மறுபடியும் அனுப்பப்போகிறார்கள் என்று காதில் விழுந்தது. அதனால்தான் இந்த மடல்.

அந்த ஒரு மாதத்தில் என் அம்மாவுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்னமும் நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் போவார். போகாதே என்றால் கேட்கிற ஆள் இல்லை. சிஸ்டர் எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவின் காலைப் பார்ப்பார். வாசல் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு மக்கு தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பார். அப்புறம் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொடுவார். "எங்க தொடுறேன், சொல்லுங்க பாட்டி" என்பார். ஒருமுறை நானும் பக்கத்தில் நின்றேன். நரம்பு வளைகிற அளவுக்குக் கட்டைவிரலில் அழுத்திவிட்டார். அம்மா கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடலியே தாயீ" என்றார். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுதாண்ணே பயம். முள்ளு ஏறினாலும் இவங்களுக்குத் தெரியாது. நான் பார்த்துச் சொன்னாத்தான் உண்டு" என்றார்.

ஐப்பசியில் முள் ஏறத்தான் செய்தது. வரப்பில் கிடந்த கருவேல முள். வலியே இல்லாததால் அம்மா அதைக் கவனிக்கவில்லை. வழக்கமான செவ்வாய்க்கிழமை நிலையத்துக்குப் போயிருக்கிறார். கதவில் பூட்டு, 'செவிலியர் மாற்றுப்பணியில்' என்று ஒட்டிய தாள், மழையில் மை ஊறிக் கிடந்தது. அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். மூன்று முறையும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், யாரிடமும் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்பது கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். போனால் அன்றைய கூலி போச்சு. நடவு நேரத்தில் யார் போவார்கள்?

நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் நன்றாகவே பார்த்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் வலது காலில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. "பத்துப் பதினைந்து நாள் முன்னாடி யாராவது இந்தக் காலைப் பார்த்திருந்தா விரல் தப்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர். அவர் என்னைத்தான் சொன்னார். நான் பார்த்திருக்க வேண்டும், அது என் தப்பு. ஆனால் பார்ப்பதற்கென்றே அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஒருவரை அந்த நாட்களில் வேறு ஊரில் உட்கார வைத்தது யார்?

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம் ஐயா. கோபம் இருக்கிறதுதான். ஆனால் கேட்பது ஒன்றே ஒன்று: எங்கள் சிஸ்டரை எங்கள் ஊரிலேயே இருக்க விடுங்கள்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. பெரிய உதவி. கொண்டு வருகிற அக்காவும் தங்கமான மனுஷி. ஆனால் மாத்திரை வந்துவிட்டது என்பதற்காகக் காலைப் பார்க்க ஆள் வேண்டாம் என்று ஆகிவிடுமா? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு வைத்த கணக்கு. உங்கள் காகிதத்தில் எங்கள் சிஸ்டர் எம்.எல்.எச்.பி., இடைநிலை சுகாதாரப் பணியாளர். எங்களுக்கு அவர்தான் குடும்ப வைத்தியர். யார் வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்தக் கிழவர் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் பதிலுக்கு அனுப்புகிறவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அம்மாவின் காலை முதலிலிருந்துதான் பார்க்க வேண்டும். அப்படிக்கூட யாரையும் அனுப்பவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் 1965-லேயே, கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்டு என்கிற செவிலியரும் ஹென்றி சில்வர் என்கிற குழந்தை மருத்துவரும் சேர்ந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்கிற படிப்பைத் தொடங்கினார்கள். இன்று அங்கே குடும்ப மருத்துவத்தில் அந்தப் படிப்பை முடித்த செவிலியர்களே நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதுகிறார்கள். இங்கே நர்ஸ் மருந்து எழுதலாமா கூடாதா என்கிற வழக்குக்குள் நாங்கள் வரவில்லை, அதைப் பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும். ஆனால் அந்த வேலைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? 2021-இல் நம் மாநிலத்தில் இந்தப் பணிக்கு ஆள் எடுத்தபோது அறிவித்த சம்பளம் மாதம் 18,000 ரூபாய், அதுவும் ஒப்பந்தத்தில். எங்கே ஆள் குறைந்தாலும் முதலில் கிளப்புவது இவர்களைத்தான். மறுத்தால் ஒப்பந்தம் என்னாகுமோ என்கிற பயம் அவர்களுக்கு. எங்கள் சிஸ்டர் ஒருநாள்கூட எங்களிடம் புலம்பியதில்லை. இந்த மடல் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. இதற்காக அவரிடம் விளக்கம் கேட்டுவிடாதீர்கள்.

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும் கடைமடையான எங்களுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து பழகிவிட்டோம். புண்ணுக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியாதே ஐயா.

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். பெரிய ஆஸ்பத்திரி கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. சிஸ்டரை எங்கள் ஊரிலேயே இருக்க விடுங்கள். தவிர்க்கவே முடியாமல் அனுப்பத்தான் வேண்டும் என்றால், அவர் கிளம்புகிற அன்றே இன்னொருவர் வந்து சாவியை வாங்கிக்கொள்ளும்படி ஓர் உத்தரவு போடுங்கள். தயவுசெய்து இந்த மாதத்துக்குள்ளேயே போடுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அழைத்துக்கொண்டு போவேன். சிஸ்டர் அங்கே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
கடைமடை விவசாயி ஒருவர்