சைக்கிளை விற்காதே

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைத் தவிரப் புதுச் செய்தி எதுவும் இல்லை. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன் செய்தியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நாலு வரியில் பதில் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை இது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "குளிர் விட்டதும் முதல் ரவுண்டு போனேன், முடியல, வயசாயிடுச்சு, சைக்கிளை வித்துடலாம்னு இருக்கேன்." இதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நம்மோடு மிதிக்கிற நெட்டையனிடம் சொன்னால் அவன் பதறுவான் என்று பார்த்தேன். "சக்கரத்தை மட்டும் தனியா கொடுப்பானா?" என்று கேட்கிறான். வாத்தியார்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் எந்த மாசத்து வேகத்தோட எந்த மாசத்து வேகத்தை ஒப்பிட்டான்னு கேளு" என்றார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது.

நீ ஒப்பிட்டது போன செப்டம்பரோடு. கோடை முழுக்க மிதித்து, காலும் மூச்சும் ஒன்றுக்கொன்று பழகி, அரைக்கை ஜெர்சியில் போன ஒரு மாலையோடு. இப்போது மார்ச். மூன்று மாதம் சுவரில் தொங்கிய சைக்கிள், மூன்று மாதம் நாற்காலியில் இருந்த உடம்பு. அதே ரோடு, அதே ஆள் என்று நீ நினைத்துக்கொள்கிறாய். இரண்டுமே அதே இல்லை.

உடம்பை முதலில் எடுத்துக்கொள்வோம். 1984-இல் எட்வர்ட் கோய்லும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வு செய்தார்கள். நல்ல பயிற்சியில் இருந்தவர்களை 84 நாள் பயிற்சியை நிறுத்த வைத்து அளந்து பார்த்தார்கள். உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளிலேயே 7 சதவீதம் இறங்கியது. 56-ஆம் நாளில் 16 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குமேல் இறங்கவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு இதில் பிடித்த இடம் அந்த நிற்பதுதான். தசைக்குள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்திருந்த நுண்ணிய ரத்தக்குழாய்கள் அந்த 84 நாளிலும் குறையவே இல்லை. நீ பதினைந்து வருஷமாக மிதித்துக் கட்டியது ஒரு குளிர்காலத்தில் கரைந்து போகாது, மச்சான். மேல்பூச்சு உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் போவது எது தெரியுமா? ரத்தத்தின் அளவு. மிதிப்பதை நிறுத்திய சில வாரங்களிலேயே பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, குறைந்துவிடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் அதனால் குறைகிறது. அதே வேலைக்கு அது அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. உன் வாட்சில் துடிப்பு எகிறியதைப் பார்த்து நீ பயந்தாயே, பெரும்பாலும் அதன் கதை இதுதான். நல்ல செய்தி, முதலில் போனதே முதலில் திரும்பியும் வருகிறது. ஒழுங்காகப் போகத் தொடங்கினால் பிளாஸ்மா ஒன்றிரண்டு வாரத்திலேயே ஏறத் தொடங்கிவிடும். இரண்டாவது வாரத்தில் "என்னடா, திடீர்னு லேசா இருக்கு" என்று நமக்கு வருஷா வருஷம் தோன்றுவது அதனால்தான். நீ அந்த இரண்டாவது வாரத்துக்குள் நுழையவே இல்லை, அதற்குள் விற்கக் கிளம்பிவிட்டாய்.

காலுக்கும் மூச்சுக்கும் இந்த விளக்கம் போதும். ஆனால் உன் செய்தியில் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது, இறங்கி நின்றதும் சரியாகிவிட்டது என்று. அந்த வரிக்கு மேலே சொன்ன எதுவும் பதில் ஆகாது. மூச்சு வாங்குவது வேறு, நெஞ்சு இறுகுவது வேறு. குளிர்காற்றில் மூச்சுக்குழாய் சுருங்கினாலும் இறுக்கம் வரும். அதற்கு மருந்து இருக்கிறது, பலர் அதோடு நன்றாக மிதிக்கிறார்கள். ஆனால் குளிரில் ரத்தக்குழாய்களும் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும். உழைக்கும்போது வந்து ஓய்ந்தால் போகிற இறுக்கம் இதயத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். எது என்று நீயும் நானும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. நமக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டாக்டரிடம் போ. இந்த வாரமே போ. அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஏற்றமும் வேண்டாம், வேகமும் வேண்டாம், சைக்கிளே வேண்டாம். சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. தங்கச்சிக்கு இந்தப் பாராவைப் படித்துக் காட்டு. நீ காட்டமாட்டாய், அதனால் நானே அவளிடம் பேசிவிட்டேன். கோபப்பட்டால் படு.

சரி. டாக்டர் பச்சைக்கொடி காட்டிவிட்டார் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

வேகக் கணக்கை நீ விடமாட்டாய், கணக்குப் பார்க்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. அதனால் உன் வழியிலேயே வருகிறேன். 5 டிகிரியில் இருக்கும் காற்று 25 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அடர்த்தியானது. சமதரையில் மணிக்கு 28, 30 கிலோமீட்டரில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான். அது அதே அளவு கெட்டியாகிவிட்டது. ஒரே பலத்தில் மிதித்தாலும், காற்றினால் மட்டும் மணிக்கு அரை கிலோமீட்டருக்குமேல் போய்விடும். அதற்குமேல் நீ போட்டிருந்த ஜாக்கெட். படபடவென்று அடிக்கும் துணி காற்றைப் பிடித்து இழுக்கும். குளிர்ந்த ரப்பர் உருளுவதும் கனமாகத்தான் இருக்கும். சூடான வீட்டுக்குள் டயரில் 80 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு 5 டிகிரி வெளியில் போனால், கொஞ்ச நேரத்தில் அது 75-க்கு வந்துவிடும். இதையெல்லாம் கூட்டிப் பார். வயசு என்று நீ எழுதிய கணக்கில் பாதி வானிலைக்குச் சேர வேண்டியது.

அதனால் ஏப்ரல் முடியும்வரை சராசரி வேகத்தைப் பார்க்காதே. திரையில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடு. நேரத்தை மட்டும் வைத்துக்கொள். ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் போ. வாத்தியார் இன்னும் பாடிக்கொண்டுதான் மிதிக்கிறார், சுருதி விலகினால் கியரைக் குறைக்கிறார், அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. சின்ன கியர் போட்டு நிமிஷத்துக்கு 85, 90 பெடல் சுற்று. பெரிய கியரில் அழுத்தி ஏறுகிற உன் பழக்கம் இப்போது ஆகாது. தசை சில வாரங்களில் தேறிவிடும், தசையை எலும்போடு கட்டுகிற தசைநாண் அவ்வளவு சீக்கிரம் தேறாது. கால் தயார் என்று சொல்லும், முட்டி தயாராக இருக்காது. வசந்தத்தில் முட்டிவலியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடைவெளியில்தான் மாட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். வெயில் அடிக்கிறதே என்று முட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். காற்று 15 டிகிரிக்குக் கீழே இருக்கிறவரை மூடியே இரு. வெயிலைப் பார்த்து ஏமாறுகிற மாசம் இது. வெளியே 5 டிகிரி என்றால், 30 வேகத்தில் போகிற தோலுக்கு அது பூஜ்யம்.

விரலை மறந்துவிடாதே. 1980 லியேஜ்-பாஸ்தோன்-லியேஜ் பந்தயம் நினைவிருக்கிறதா, நாம் மாய்ந்து மாய்ந்து பேசுவோமே? ஏப்ரல் மாசம், பனி கொட்டியது. 174 பேர் கிளம்பினார்கள், 21 பேர்தான் முடித்தார்கள். பெர்னார் இனோ ஒன்பது நிமிஷத்துக்குமேல் முன்னால் வந்து ஜெயித்தார். நாம் ஒன்பது நிமிஷத்தைத்தான் எப்போதும் பேசுவோம். அன்று அவருடைய இரண்டு விரல்கள் குளிரில் பாழானதையும், பிறகு ஆண்டுக்கணக்கில் அவை குளிர் தாங்காமல் போனதையும் யாரும் பேசுவதில்லை. விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது, அதுதான் எனக்கு முக்கியம். கனமான க்ளவுஸ் போடு. வியர்த்தால் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பந்தயங்கள் எல்லாம் வசந்தத்தில் வருவதை நினைத்தாலே எனக்கு ஒரு உற்சாகம் வருகிறது. மார்ச்சில் மிலான்-சான் ரெமோ, அப்புறம் ஃப்ளாண்டர்ஸ், ரூபே, கடைசியில் லியேஜ். லியேஜ் 1892-இலிருந்து நடக்கிறது. 1910 மிலான்-சான் ரெமோவில் பனிக்குள் மிதித்து ஜெயித்த யூஜேன் கிறிஸ்தோஃப், நடுவில் ஒரு விடுதிக்குள் போய் உடம்பைச் சூடேற்றிக்கொண்டுதான் மறுபடி சைக்கிளில் ஏறினார். உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் வீரர்களுக்கே இந்தப் பருவம் இப்படித்தான் இருந்திருக்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கியதற்கு நீ சைக்கிளை விற்கிறேன் என்கிறாய்.

என் பக்கம் ஒரு புகார் இருக்கிறது. ரோடு. குளிர்காலத்தில் விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது, உருகுகிறது, மறுபடி உறைகிறது. தார் பெயர்ந்து கிடக்கிறது. நான் போகிற வழியில் ஒரு திருப்பத்தில் முழங்கை ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதைவிட மோசம், வழுக்காமல் இருக்கப் போட்ட பொடிக்கல் எல்லாத் திருப்பங்களிலும் அப்படியே ஒதுங்கிக் கிடக்கிறது. இறக்கத்தில் சாய்ந்து திரும்பினால் முன்சக்கரம் போய்விடும். நீ இறக்கத்தில் பிரேக்கைத் தொடாத ஆள். இந்த ஒரு மாசம் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, நிமிர்ந்து திரும்பு. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கிறது. சூரியனைப் பார்த்துப் போகும்போது நமக்குக் கண் கூசுகிறது என்றால், பின்னால் வருகிற கார்க்காரனுக்கும் அதே சூரியன்தான். அவனுக்கு நாம் தெரியமாட்டோம். பகலிலும் பின்விளக்கைப் போட்டே வை. இதில் என்னோடு வாதாடாதே.

சைக்கிளைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், உனக்கே தெரியும். செயினை மட்டும் அளந்து பார். உன்னுடையது பதினொரு கியர், 0.5 சதவீதம் நீண்டிருந்தாலே மாற்றிவிடு. விட்டால் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். பிரேக் பேடுகளில் மணல் பதிந்திருக்கும், ஊசியால் எடு. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். ஹேண்டில்பாரை ஒரு வளையம் உயர்த்திக்கொண்டால் இப்போதைக்கு முதுகு நன்றி சொல்லும், மே மாசம் பழையபடி இறக்கிக்கொள்ளலாம். சீட் வலி பற்றி எழுதியிருந்தாய். எல்லா வருஷமும் இதே வலியைச் சொல்லிவிட்டு, எல்லா வருஷமும் மூன்றாவது வாரத்தில் மறந்துவிடுகிறாய். புது சீட் வாங்காதே.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று நீ கேட்கலாம். நீ நிறுத்தினால் நான் தனியாகப் போவேன், வாத்தியாரும் நெட்டையனும் இருக்கிறார்கள், சைக்கிள் ஓடும். ஆனால் வேலை போன வருஷம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. உனக்குப் பின்னால் மிதித்துக்கொண்டு போன அந்த நாட்களில்தான், உன் முதுகைப் பார்த்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் பேச முடிந்தது. நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து நடக்கிற பேச்சு இல்லை. இப்போது உன் செய்தியைப் படித்தால், உனக்கும் ஏதோ பேச வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் சொல்.

திட்டம் இதுதான். நீ டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுது. அவர் சரி என்றால், அடுத்த ஞாயிறு நான் உன் வீட்டுக்கு வருகிறேன். பத்து மணிக்குமேல் கிளம்பலாம், ரோடு காய்ந்திருக்கும். ஏற்றமே இல்லாத வழி. போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று வருகிற மாதிரி திசையைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் பாதி முழுக்க நானே முன்னால் போகிறேன், நீ என் சக்கரத்தை ஒட்டி வந்தால் போதும். அவர் வேண்டாம் என்றால் அதே ஞாயிறு சைக்கிள் இல்லாமல் வருகிறேன், நடக்கலாம்.

உன் டயர் அகலம் 25 மில்லிமீட்டரா 28-ஆ என்று எழுது. வரும்போது டியூப் எடுத்து வருகிறேன், உன் பையில் கிடக்கிற பழைய டியூபை நான் நம்பமாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்