பாப்பாவுக்கு, அம்மா பட்டம் விடுவது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நேற்று போனில் நீ போட்ட சத்தம் போதாது என்று மாப்பிள்ளை வேறு தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "அத்தை, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" என்று ஆரம்பித்து எப்படி முடிப்பது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார். பாவம், அவரை நம் சண்டைக்குள் இழுக்காதே. போனில் உன்னிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

"ஐம்பத்தாறு வயசில் கைட்போர்டிங் தேவையா?" என்று கேட்டாய். பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் வழுக்கிப் போகிற விளையாட்டுக்குத்தான் அந்தப் பெயர். விதை போட்டது யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 9, உங்கள் ஊர் சிங்கப்பூரின் தேசிய தினம். அன்றைக்குத்தான் மாக்ஸ் மேடர் என்ற பையன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினான். ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியைச் சேர்த்ததே அந்த முறைதான். பாரிஸ் ஒலிம்பிக் என்று பெயர், பந்தயம் நடந்தது மார்செய் கடலில். "பதினேழு வயசும்மா, சிங்கப்பூரே கொண்டாடுது" என்று வீடியோ அனுப்பினாய். "இதை நம்ம ராமேஸ்வரத்துலயும் கத்துக்கொடுக்கிறாங்களாம்" என்று கீழே எழுதியதும் நீதான். அப்பா அதைப் படித்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றார். பார்க்கப் போனவள்தான், இப்போது ஹார்னஸ் (இடுப்பில் கட்டுகிற பட்டை) மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நான் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு அலைகிறேன் என்று நீ கற்பனை செய்துவைத்திருக்கிறாய் போல. அப்படி இல்லை. பட்டத்திலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகள் இறங்கிவந்து கையில் இருக்கும் பார் என்கிற பிடிகம்பியில் சேர்கின்றன. அந்த பாரின் நடுவில் ஒரு வளையம், அதற்கு சிக்கன் லூப் என்று பெயர் (யார் வைத்தார்களோ). அதை இடுப்பில் கட்டிய ஹார்னஸின் கொக்கியில் மாட்டிக்கொள்வோம். இழுவை முழுக்க இடுப்பில்தான் விழுகிறது. கைக்கு வேலை திருப்புவது மட்டும்தான். பாரை நம் பக்கம் இழுத்தால் பட்டம் காற்றைப் பிடிக்கும், தள்ளிவிட்டால் உதறிவிடும். தோள்பலம் உள்ள பையன்கள்தான் பாரை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு குப்புற விழுகிறார்கள். பயந்தால் கை தானாக இறுகும், இறுகினால் பட்டம் இன்னும் வேகமாக இழுக்கும். பயந்தபோது கையைத் தளர்த்த வேண்டும் என்று உடம்புக்குப் புரியவைப்பதுதான் இதில் பாதிப் பாடம்.

மீதிப் பாதி நான் பல வருஷம் பிளஸ் டூவுக்கு நடத்தியதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்கு. மணிக்கு இருபது கிலோமீட்டரில் என்னைச் சாதுவாகக் கூட்டிப்போகிற அதே பட்டம், நாற்பதில் என்னைத் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் 12 சதுர மீட்டர், 9, 7 என்று வேறு வேறு அளவுகளில் வைத்திருக்கிறார்கள். காற்று கூடினால் சின்னப் பட்டம். நான் ஒல்லி என்பதால் எனக்கு எப்போதும் மற்றவர்களைவிட ஓர் அளவு குறைத்தே தருகிறார்கள். இந்தச் சூத்திரத்தைப் பலகையில் எழுதி எழுதி எத்தனை பேரைத் தூங்கவைத்திருப்பேன்! இடுப்பில் வாங்கிப் பார்த்த பிறகுதான் எனக்கே அது சரியாகப் புரிந்தது.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ பயப்படுகிற இடமே வேறு. பட்டம் தண்ணீரில் விழுந்தால் அம்மா மூழ்கிவிடுவாள் என்று நினைக்கிறாய். அதன் முன்விளிம்பு காற்றடைத்த குழாய், பம்ப் வைத்து அடிப்போம். (அடிப்பது அப்பா. உடற்பயிற்சி என்று சொல்லி அவர் தலையில் கட்டிவிட்டேன்.) அதனால் பட்டம் மிதக்கும், தண்ணீரிலிருந்தே மறுபடி எழும்பும். பிரான்சின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் என்ற அண்ணன் தம்பி இருவர் 1984இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இரண்டு பேருமே பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள். விழுந்த பட்டம் எழும்பாவிட்டால் கடலில் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதும் காற்றை உதறுகிற வசதி சரியாக வரவில்லை. 2005ஐ ஒட்டி வில்போல் வளைந்த பட்டம் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. சிக்கன் லூப்புக்கு மேலேயே குயிக் ரிலீஸ் இருக்கிறது. ஒரு தள்ளு தள்ளினால் பட்டம் உயிரற்றுச் சரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடிப் பிடிக்கிறவரை என்னைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. அப்புறம் பட்டத்தைச் சுருட்டி, அதையே மிதவையாக்கி, படகின் பாய்போலப் பிடித்துக் கரை சேரவும் சொல்லிக்கொடுத்தார்கள். பயந்தவர்களுக்கு உகந்த விளையாட்டு இது.

உண்மையான பயம் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது. சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போனபோது பார்த்திருக்கிறாய், ராமேஸ்வரத்துக்கு இரண்டு கடல். வடகடல் பாக் நீரிணை, தென்கடல் மன்னார் வளைகுடா. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் தென்கடல் பொங்கிக்கொண்டு கரையில் வந்து மோதும். அதே நேரம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் ஆசைப்படுவது அந்தக் குளத்துக்குத்தான். ஆனால் அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. ஏதாவது ஒன்று அறுந்தால் நேரே கச்சத்தீவுப் பக்கம், பாஸ்போர்ட் இல்லாமல். வடக்கிலிருந்து வாடைக்காற்று வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். வடகடல் கொதிக்கும், தென்கடல் சும்மா கிடக்கும். கரையை ஒட்டி, பக்கவாட்டில் வீசுகிற இடம் பார்த்து, ஆழமில்லாத ஓரத்தில்தான் நாங்கள் இறங்குகிறோம். மீட்புப் படகு இல்லாத நாளில் அதுவும் இல்லை. இனிமேல் போன் செய்தால் "முட்டி எப்படிம்மா இருக்கு" என்று கேட்காதே. "காற்று எந்தப் பக்கம், படகு நிற்கிறதா" என்று கேள். அதற்கு நான் தடுமாறினால் தாராளமாகச் சத்தம் போடு.

முட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விடமாட்டாய். இடதுமுட்டி மாடிப்படி ஏறினால் இப்போதும் வலிக்கிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொண்டேன், டாக்டர் தடை சொல்லவில்லை. குதிக்கிற வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். உயரத்திலிருந்து இறங்கும்போதுதான் முட்டியும் கணுக்காலும் போகும். எனக்குத் தண்ணீர்மேல் நேராகப் போய், திரும்பி வந்தால் போதும். திரும்பி வருவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. காற்றை எதிர்த்துச் சாய்ந்து ஏறிவருவது பெரிய வித்தை. வராதவர்கள் காற்றோடு போன தூரத்தைக் கரையில் நடந்தே திரும்ப வேண்டும். நடக்கிறேன். அப்பாவும் கூட நடப்பார், வழியெல்லாம் மின்கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டு.

வயதைப் பற்றி. பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ரிச்சர்ட் பிரான்சன் 2012இல் தன் 61ஆம் வயதில் இங்கிலீஷ் கால்வாயை இந்தப் பட்டத்தை வைத்தே தாண்டினார். அதை உனக்கு எழுதிக் கண்டிப்பைக் குறைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் கதை நமக்கு எதற்கு? அவருக்குப் பின்னால் ஆளும் படகும் பணமும் இருக்கும். நான் பார்க்கிற ஆட்கள் வேறு.

நாங்கள் பட்டம் விரிக்கிற கரைக்குப் பக்கத்திலேயே பாசி எடுக்கிற பெண்கள் வந்து ஏறுவார்கள். புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணாடி, விரலில் சுற்றிய துணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போய், பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிறார்கள். அதில் அகர் என்கிற ஜெல்லிப் பொருள் எடுப்பார்கள், நீ ஆய்வகத்தில் தட்டில் ஊற்றுவாயே, அதேதான். அவர்களில் என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள். "இந்த வயசில் கடலுக்குப் போகலாமா" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்குக் கூலி யார் கொடுப்பது? எனக்கு மட்டும் கேள்வி வருகிறது, ஏனென்றால் நான் ஆசைக்காகப் போகிறேன். எதிர்வீட்டு அக்காவுக்குக்கூட நான் லெக்கிங்ஸும் முழுக்கை நீச்சல் சட்டையும் போடுவது பெரிசாகத் தெரியவில்லை. "டீச்சருக்கு இதுல என்ன கிடைக்குது?" என்பதுதான் அவருடைய சந்தேகம்.

என்ன கிடைக்கிறது என்றால், இதைத்தான் சொல்ல முடியும். இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து உட்கார்ந்த மாதிரி மிதக்கிறேன். போர்டு காலில் மாட்டியிருக்கிறது, பட்டம் நேர் மேலே ஆடாமல் நிற்கிறது. மூக்கில் போன உப்புத்தண்ணீர் இன்னும் எரிகிறது. பட்டத்தை ஒரு பக்கமாகக் கீழே சரித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. அடுத்த நொடி இடுப்பை யாரோ பிடித்து முன்னே இழுத்த மாதிரி இருக்கும். முன்காலை நீட்டி, பின்காலை மடக்கி அதில் எடையைப் போட்டு எழுந்தால் போர்டுக்குக் கீழே அதுவரை அலைந்துகொண்டிருந்த தண்ணீர் கெட்டியாகிவிடுகிறது, காலடியில் சர்ரென்று ஒரு சத்தம். நிமிரும்போது கரையும் அப்பாவும் பின்னால் போய்க்கொண்டிருப்பார்கள். முதன்முதலில் அப்படி எழுந்தபோது நான் சிரித்தேனாம். அப்பா சொன்னார். சொல்லித்தருகிற பையன் (உன்னைவிடச் சின்னவன், முதலில் மேடம் என்றான், இப்போது அம்மா என்கிறான்) கரையிலிருந்து "பாரை விடுங்க, பாரை விடுங்க" என்று கத்தியதெல்லாம் எனக்குக் கேட்கவே இல்லை.

அப்பாவைப் பற்றி நீ கவலைப்படுகிறாய். அவர் தண்ணீரில் இறங்கமாட்டார், ஆனால் வேலை கற்றுக்கொண்டுவிட்டார். பட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் விடுவார், என் தலையை நானே தட்டிக்கொண்டால் இறக்கப்போகிறேன் என்று அர்த்தம், ஓடிவந்து பிடிப்பார். கயிற்றை விரலில் சுற்றக்கூடாது, காற்றடிக்கிற திசையில் மரமோ வண்டியோ மனுஷரோ நிற்கக்கூடாது என்று என்னைவிட அதிகமாகச் சத்தம் போடுவது அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு மனிதர் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்க்கவில்லை.

போன வாரம் ஒருநாள் இறங்காமலே திரும்பினோம். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, காற்று நின்று நின்று வீசியது. இரண்டு இளைஞர்கள், எங்கிருந்தோ வந்தவர்கள், பட்டம் விரித்துவிட்டார்கள். பாசிக்கார அக்கா ஒருத்தர் தலைச்சுமையோடு போகிறபோக்கில் "காத்து சரியில்ல டீச்சர், வீட்டுக்குப் போங்க" என்றார். நான் கயிற்றைச் சுருட்டிவிட்டேன். அந்த இளைஞர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சற்று நேரத்தில் புயல்காற்று மாதிரி ஒரு வீச்சு வந்து மணலை வாரி அடித்தது. அதற்குள் அவர்களும் நல்லவேளையாக இறக்கிவிட்டிருந்தார்கள். காசு கட்டி, தூரம் வந்து, இறங்காமல் திரும்புவது அந்த வயதில் கஷ்டம்தான். எனக்குக் கஷ்டமாக இல்லை. பாம்பனில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஆகவே நிறுத்தமாட்டேன் பாப்பா. வேண்டுமானால் உனக்காக இவற்றை ஒத்துக்கொள்கிறேன்: தனியாகப் போகமாட்டேன், ஹெல்மெட் இல்லாமல் இறங்கமாட்டேன், மீனவர்களுக்கு எச்சரிக்கை அறிவித்த நாளில் கரைப்பக்கமே போகமாட்டேன். நீயும் ஒன்று செய். உன் போனில் காற்று காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு ராமேஸ்வரத்தைச் சேர்த்துவை. காலையில் மணிக்கு 25 முதல் 35 கிலோமீட்டர் என்று காட்டினால் மத்தியானம்வரை கூப்பிடாதே, போன் அப்பாவின் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும்.

மே மாதம் வரும்போது தண்ணீரில் போடுகிற காலுறை இரண்டு ஜோடி வாங்கி வா, என் அளவு உனக்குத் தெரியும். நீச்சல் கண்ணாடி, ரப்பர் பட்டை நல்லதாகப் பார்த்து, மூன்று. அது பாசிக்கார அக்காவுக்கும் அவர் தங்கைகளுக்கும். அவர்கள் போட்டிருப்பதில் தண்ணீர் புகுகிறது. குட்டிக்கு இப்போதே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடு, தள்ளிப்போடாதே. அப்புறம் கோடாலித் தைலம் ஆறு பாட்டில். எனக்கு இல்லை, பம்ப் அடித்து அடித்து அப்பாவுக்குத்தான் தோள் பிடித்துக்கொள்கிறது.

அன்புடன்,
அம்மா