டைப்பிங் கடைகளும் மணிக்கட்டு வலியும்

ஐயா,

மதுரை கலெக்டர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம் பக்கம் மனு அடித்துத் தரும் கடைகளில் சாதாரண எழுதுமேசை மீதே கீபோர்டு இருக்கிறது. அந்த மேசையின் உயரம் ஏறத்தாழ 75 செ.மீ.; முழங்கை மட்டத்தில் அடிக்கப் பலருக்கு 65–70 செ.மீ. போதும். மேசையை அறுக்க முடியாது, சரி. நாற்காலியை உயர்த்திக் காலுக்கடியில் பலகை போடலாமே!

கீபோர்டின் பின்பக்கக் குட்டைக் கால்களை முதலில் மடக்குங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து, உள்ளே ஓடும் மீடியன் நரம்பு நெருக்கப்படும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது அதன் அடையாளம். சுண்டுவிரல் மரத்தால் அது பெரும்பாலும் முழங்கை வழியே வரும் அல்நார் நரம்பு. அதனால் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள். கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் மெத்தைப் பட்டை கை ஓய்வெடுக்கத்தான். அடிக்கும்போதே அதில் மணிக்கட்டை அழுத்துவது இருக்கிற வலியைக் கூட்டும்.

இரண்டாகப் பிரிந்த எர்கோனாமிக் கீபோர்டு விலை அதிகம். நம்பர் பேட் இல்லாத கீபோர்டு வாங்கினாலே மவுஸ் அருகில் வந்து தோள் தப்பும். பழைய டைப்ரைட்டர் முறையைவிட தமிழ்99 என்ற கீபோர்டு எழுத்தமைப்பில் ஷிப்ட் அழுத்துவது குறைவு என்பதையும் பயிற்சி நிலையங்கள் சொல்லித்தரலாம்.

இரவில் கை மரத்துத் தூக்கம் கலைந்தால் கீபோர்டை மாற்றிக்கொண்டிராமல் ராஜாஜி மருத்துவமனையில் காட்டுங்கள்.

– தட்டச்சுப் பயிற்றுநர்கள், மதுரை